எந்தப் பாட்டு முதலில்?

வீட்டுக்கு டிஜிட்டல் பியானோ வந்தாயிற்று. அதற்குள்ளே பாட்டுகளும் வந்து குடியேறியாயிற்று. ஒன்றா, இரண்டா? இருநூறு, முந்நூறு! ஆனால் நவராத்திரிக்கு நாலு பேர் வந்து கூடத்தில் உட்கார்ந்து, "எங்கே, குழந்தை ஒரு பாட்டு வாசிக்கட்டும், கேட்போம்" என்று சொல்லும்போது வேண்டிய பாட்டு மட்டும் வருகிறதில்லை!

நாகர்கோவில் பக்கத்தில் கொலு வைக்கிற ஒரு வீட்டை மனத்தில் நினைத்துக் கொள்ளுங்கள். பேத்தி பியானோவின் முன் உட்கார்ந்து பொத்தானை அழுத்துகிறாள். சின்னத் திரையில் பெயர்கள் ஓடுகின்றன. "பாட்டு 46", "பாட்டு 47", "புதிய பாட்டு", "புதிய பாட்டு 2"... வந்தவர்கள் கையில் சுண்டல் ஆறிப்போகிறது.

"என்ன மக்களே, இன்னுமா கிடைக்கல்ல?" என்கிறாள் ஆச்சி.

"இதுக்குள்ளதான் ஆச்சி எங்கேயோ கெடக்கு, இருங்க" என்கிறாள் பேத்தி.

கடைசியில் ஒரு பாட்டு கிளம்புகிறது. என்ன பாட்டு? பியானோவோடு கம்பெனிக்காரன் இலவசமாகப் போட்டு அனுப்பிய சீமை நடன மெட்டு! வந்தவர்கள் மரியாதைக்குத் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த வீட்டுக் கொலுவுக்குப் புறப்படுகிறார்கள்.

"இதுக்குள்ளதான் எங்கேயோ கெடக்கு" என்ற அந்த ஒரு வாக்கியத்திலேயே வியாதி முழுவதும் அடங்கிவிட்டது. பீரோவில் புடவைக்கு ஓர் அடுக்கு, அலமாரியில் மருந்துக்கு ஒரு தட்டு, அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்கு ஒரு கிண்ணம் என்று எல்லாவற்றுக்கும் இடம் குறித்து வைத்திருக்கும் நம் இல்லத்தரசிகள், பாட்டுக்கு மட்டும் இடம் குறிக்காமல் விட்டதேன்?

முன்பு அப்படி விடவில்லை. பாட்டுக் கற்றுக்கொண்ட பெண்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருப்பார்கள். முதல் பக்கத்தில் பிள்ளையார் பாட்டு. அப்புறம் சரஸ்வதி. நடுவே நலங்கு, ஊஞ்சல், லாலி, தாலாட்டு. கடைசிப் பக்கத்தில் மங்களம். ஓரத்தில் பென்சிலால் "5 கட்டை" என்று ஒரு குறிப்பு. மஞ்சள் கறையும் எண்ணெய்க் கறையுமாக இருக்கும் அந்த நோட்டைப் பிரித்தால், எந்தச் சந்தர்ப்பத்துக்கு எந்தப் பாட்டு என்பது கண் மூடித் திறப்பதற்குள் தெரிந்துவிடும். இன்றைய பிள்ளைகள் பிளேலிஸ்ட் என்று சொல்லும் பாட்டு ஜாபிதா அதுதான். பியானோ வந்ததும் நோட்டுப் பரணுக்குப் போயிற்று. ஜாபிதாவும் கூடவே போயிற்று.

அதை மறுபடி எப்படி எழுதுவது, பியானோவுக்குள் எப்படி ஏற்றுவது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். பியானோ கம்பெனிகள் தரும் கையேட்டில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று மட்டும் போட்டிருக்கும். எந்தப் பாட்டை முதலில் வைப்பது என்று எந்தக் கையேட்டிலும் இராது. அதற்கு நாம் தக்கலைப் பக்கம் கொஞ்சம் போய்வர வேண்டும்.

பத்மநாபபுரத்துப் பாடம்

தக்கலைக்கு அருகே இருக்கும் பத்மநாபபுரம், ஒரு காலத்தில் திருவிதாங்கூரின் தலைநகரம். 1956 நவம்பர் 1-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது. ஆனாலும் அங்குள்ள மர அரண்மனையை இன்றைக்கும் கேரள அரசின் தொல்பொருள் துறைதான் பராமரித்து வருகிறது. அந்த அரண்மனைக்குள் ஒரு நவராத்திரி மண்டபம் இருக்கிறது. கல்லால் ஆனது. பக்கத்திலேயே சரஸ்வதி சந்நிதி. அந்தச் சரஸ்வதி கம்பர் வழிபட்ட விக்கிரகம் என்பது நாஞ்சில் நாட்டில் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. மண்டபத்தில் நடக்கும் ஆட்டத்தையும் பாட்டையும் அரண்மனைப் பெண்கள் மறைவாக இருந்து பார்க்க மரச் சாளரம் உண்டு. இந்தச் சாளரத்தை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போன பிறகு நவராத்திரி பூஜையும் அங்கே போயிற்று. ஆனால் தெய்வங்கள் நிரந்தரமாகக் குடிபெயரவில்லை. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி யானைமீது கிளம்புகிறாள். வேளிமலைக் குமாரசுவாமி குமாரகோவிலிலிருந்தும், முன்னுதித்த நங்கை சுசீந்திரத்திலிருந்தும் வந்து சேர்ந்து கொள்கிறார்கள். குழித்துறையில் ஓர் இரவு, நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு தங்கி, ஊர்வலம் மூன்றாம் நாள் திருவனந்தபுரம் கோட்டைக்குள் நுழையும். பூஜை முடிந்ததும் மூவரும் அவரவர் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். தமிழ்நாட்டுத் தெய்வங்கள் கேரளத்துக்குப் போய்ப் பாட்டுக் கேட்டுவிட்டு வருகிறார்கள் என்று சொன்னால் தப்பில்லை.

அங்கே என்ன பாட்டு? இதுதான் நமக்கு வேண்டிய இடம்.

சுவாதித் திருநாள் மகாராஜா 1813-ல் பிறந்து 1846-ல் மறைந்தவர். முப்பத்து மூன்று வயதுதான். அதற்குள் அவர் இயற்றிய உருப்படிகள் சுமார் 400 என்பார்கள். கோட்டைக்குள் இருக்கும் நவராத்திரி மண்டபத்தில் ஒவ்வொரு மாலையும் நடக்கும் கச்சேரிக்கு நடுநாயகமாக அவருடைய கிருதி ஒன்று உண்டு. வித்வான் இஷ்டப்பட்டதை எடுத்துப் பாட முடியாது. முதல் நாள் சங்கராபரணம். இரண்டாம் நாள் கல்யாணி. பிறகு சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டைக்குறிஞ்சி. ஒன்பதாம் நாள் ஆரபி. இந்த வரிசை மாறாது. எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் சரி, நாலாம் நாள் பாட வந்தவர் தோடியைத்தான் பாட வேண்டும். அங்கே தானம் பாடும்போது மிருதங்கமும் சேர்ந்து வாசிக்கும். வேறு கச்சேரி மேடைகளில் சாதாரணமாகக் கேட்க முடியாத வழக்கம் இது.

இதிலே ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்த 400 உருப்படிகளில் எத்தனை இன்று மேடையில் அடிக்கடி கேட்கிறது? ரொம்பவும் கொஞ்சம். ஆனால் இந்த ஒன்பதும் ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் பாடப்படுகின்றன. மண்டபத்தில் பாட அழைப்பு வந்தால், தெரியாத வித்வானும் உட்கார்ந்து பாடம் பண்ணித்தான் ஆக வேண்டும். நாளும் இடமும் குறித்து வைத்ததால் அந்த ஒன்பதும் உயிரோடு இருக்கின்றன. குவியலில் கிடக்கும் பாட்டுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

ஆகவே, சகோதரிகளே, முந்நூறு பாட்டையும் ஒழுங்கு பண்ணுகிறேன் என்று உட்காராதீர்கள். அது நடக்கிற காரியமில்லை. ஒன்பது பாட்டை எடுங்கள். ஒன்பது இரவுக்கு ஒன்பது. அது போதும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

பாட்டு என்ற ஒரே பெயரில் மூன்று ஜாதிகள் பியானோவுக்குள் இருக்கின்றன. இவற்றைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தொல்லை.

முதல் ஜாதி, கம்பெனிக்காரன் போட்டு அனுப்பியது. இதை அழிக்கவும் முடியாது, இடம் மாற்றவும் முடியாது. வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி. விட்டுத் தள்ளுங்கள்.

இரண்டாவது, மிடி என்பது. 1983-ல் பல கம்பெனிகள் சேர்ந்து ஒப்புக்கொண்ட பாஷை இது. இதில் ஓசையே கிடையாது! எந்தக் கட்டையை எப்போது அழுத்தினீர்கள், எவ்வளவு வேகத்தில் அழுத்தினீர்கள், எப்போது விரலை எடுத்தீர்கள் என்ற குறிப்பு மட்டும்தான். ஸ்வரம் எழுதிய காகிதம் மாதிரி. அதைப் பார்த்துப் பியானோ தானே வாசித்துக் கொள்கிறது. காகிதம்தானே! ஆகவே சுருதியை ஏற்றலாம், இறக்கலாம், காலத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஒன்றும் கெட்டுப் போகாது. இடமும் அதிகம் பிடிக்காது.

மூன்றாவது, ஒலிப்பதிவு. இது கிராமபோன் தட்டு மாதிரி. பாடினவர் குரல், அவர் மூச்சு, பின்னால் குரைத்த நாய், எல்லாம் அதில் இருக்கும். மாற்றங்கள் செய்வது எளிதல்ல.

எதை எந்த ஜாதியில் வைப்பது? குழந்தை வாசிப்பதை மிடியில் வையுங்கள். ஆச்சி பாடுவதை ஒலிப்பதிவில் வையுங்கள். ஆச்சியின் குரலைக் காகிதத்தில் எழுதி வைக்க முடியாதல்லவா? பியானோவிலேயே குரலைப் பதிய வசதி இல்லாவிட்டால் கைப்பேசியில் பதிந்து, பிறகு பென்டிரைவில் ஏற்றிக் கொள்ளலாம்.

இப்போது ஜாபிதா. விலை கூடின சில மாடல்களில் பிளேலிஸ்ட் என்றே ஒரு வசதி இருக்கிறது. பெரும்பாலும் அந்த ஜாபிதாவில் பாட்டு இருக்காது. பாட்டின் விலாசம்தான் இருக்கும். கல்யாணத்துக்கு அழைக்க வேண்டியவர்களின் பெயரையும் வீட்டு எண்ணையும் எழுதி வைப்பதுபோல. விலாசத்தில் இருக்கிறவர் வீடு மாறிவிட்டால் பத்திரிகை திரும்பி வருகிறதல்லவா? அதே கதைதான். ஜாபிதா எழுதி முடித்த பிறகு பாட்டின் பெயரை மாற்றினாலும், வேறு அடுக்குக்கு நகர்த்தினாலும், பியானோ திருதிருவென்று விழிக்கும். ஆகவே முதலில் பாட்டுகளுக்குப் பெயர் வையுங்கள், இடம் ஒதுக்குங்கள். ஜாபிதா அதற்குப் பிறகுதான்.

அந்த வசதியே இல்லாத பியானோக்கள்தான் வீடுகளில் அதிகம். அதற்காக வருத்தப்பட வேண்டாம். பென்டிரைவில் ஒரு அடுக்குத் திறந்து, "நவராத்திரி" என்று பெயரிட்டு, ஒன்பது பாட்டையும் அதில் போடுங்கள். பாட்டின் பெயருக்கு முன்னால் எண் போடுங்கள். இதில் ஒரு சங்கதி: 1, 2, 3 என்று போடக்கூடாது, 01, 02, 03 என்று போட வேண்டும். ஏனென்றால் பல இயந்திரங்களுக்கு எண் என்றால் என்ன என்று தெரியாது. எழுத்து வரிசைதான் தெரியும். 10 என்பதில் முதல் எழுத்து 1 ஆகையால், அதை 2-க்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடும். விஜயதசமிப் பாட்டு இரண்டாம் நாளே வந்து நிற்கும்!

தமிழில் பெயர் எழுதினால் பல மாடல்களில் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டியிருக்கும். அப்படி எழுதும்போது ஒரே மாதிரி எழுதுங்கள். தோடிக்கு ஒரு நாள் எச் போட்டும், ஒரு நாள் எச் போடாமலும் எழுதினால், இயந்திரம் அவை இரண்டு ராகங்கள் என்று நினைத்துக்கொள்ளும். நம் வித்வான்களிலேயே சிலர் பாடுகிற தோடியைக் கேட்டால் நமக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அது வேறு விஷயம்.

ஒன்பது ராகமும் எண்பத்தெட்டுக் கட்டையும்

மண்டபத்து வரிசையை அப்படியே வீட்டுப் பியானோவில் வைத்துப் பார்க்கலாமா என்று சில வாசகிகள் கேட்கக்கூடும். பேஷாகப் பார்க்கலாம். ஆனால் விரலுக்கு என்ன வேலை என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு கட்டையை, அதாவது ஸி என்னும் வெள்ளைக் கட்டையை, ஸட்ஜமமாக வைத்துக் கொள்ளுங்கள். முதல் நாள் சங்கராபரணத்துக்கு வெள்ளைக் கட்டைகள் மட்டுமே போதும்; ஒரு கறுப்பும் வேண்டாம். இரண்டாம் நாள் கல்யாணிக்கு மத்தியமம் மட்டும் கறுப்புக்குப் போகும். நாலாம் நாள் தோடிக்கு நாலு கறுப்பு. ஆறாம் நாள் பந்துவராளிக்கு மூன்று. ஏழாம் நாள் சுத்த சாவேரிக்கு வந்தால் ஐந்தே ஸ்வரம், ஐந்தும் வெள்ளை. எட்டாம் நாள் நாட்டைக்குறிஞ்சிக்கு நிஷாதம் ஒன்றுதான் கறுப்பு. ஒன்பதாம் நாள் ஆரபிக்கு மறுபடி எல்லாம் வெள்ளை! வெள்ளையில் தொடங்கி, நடுவில் கறுப்பில் அலைந்து, வெள்ளையில் வந்து முடிகிறது. மகாராஜா பியானோவை மனத்தில் வைத்து வரிசை போட்டிருக்க மாட்டார். இருந்தாலும் பியானோ பழகும் பத்து வயதுப் பெண்ணுக்கு இந்த வரிசை எவ்வளவு அனுகூலமாக இருக்கிறது பாருங்கள்: முதல் நாளே கை நடுங்காது.

ஆனால் ஒன்று சொல்லிவிட வேண்டும். கட்டையை அழுத்தினால் ஸ்வரம் வரும், ராகம் வராது. பைரவியின் அசைவும் சாவேரியின் குழைவும் கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கின்றன. வீணைக் கம்பியை இழுத்துக் கொண்டுவரலாம். டிஜிட்டல் பியானோவில் அந்த இழுப்புக்குச் சாதாரணமாக வழி இல்லை. இந்தக் குறைக்காகவே அகில இந்திய வானொலி 1940-ல் ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் மனம் இளகியது. கீபோர்டில் ஸ்வரத்தை வளைக்க ஒரு சக்கரம் இருக்கும். அதைக் கொண்டு கே. சத்தியநாராயணன் முழுக் கர்நாடக சங்கீதக் கச்சேரியே செய்கிறார். அது அவருடைய சாமர்த்தியம். நம் வீட்டில் சாவேரிக்கும் பைரவிக்கும் பியானோ சுருதி மட்டும் கொடுக்கட்டும். பாட்டை வாயால் பாடட்டும். யமஹாவின் இந்திய மாடல்கள் சிலவற்றில் ரியாஸ் என்ற பெயரில் தம்பூராவும் தபலாவும்கூட இருக்கின்றன. மற்றவர்கள் ஸட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் பிடித்து ஒரு நிமிஷம் பதிந்து, அதையே திரும்பத் திரும்ப ஒலிக்க வைக்கலாம். ஜாபிதாவில் அந்த இரண்டு நாட்களுக்கு நேராக "சுருதி மட்டும்" என்று எழுதிவிடுங்கள்.

சுருதி என்றதும் ஞாபகம் வருகிறது. பழைய நோட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த "5 கட்டை"யைப் பார்த்தோமே, அதைத்தான் இன்றைக்கு எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பாட்டை ஏற்றுகிறார்கள், யார் பாடுவதற்காக என்று எழுதுவதில்லை. 1 கட்டை என்பது ஸி. 5 கட்டை என்பது ஜி. ஐந்தரை என்றால் அதற்கு அடுத்த கறுப்பு. பாடுகிற பெண்களில் பெரும்பாலோருக்கு இந்த வட்டாரம்தான் சௌகரியம். குழந்தை ஸி-யில் வாசிக்கப் பழகியிருப்பாள். அம்மா ஐந்தரையில் பாடுவாள். என்ன செய்வது? டிரான்ஸ்போஸ் என்ற பொத்தான் இருக்கிறது. அதில் நாலு படி கீழே இறக்கினால், குழந்தை ஸி-யை அழுத்தும்போதே ஐந்தரைக் கட்டை ஓசை வரும். விரலுக்குப் புதுப் பாடம் இல்லை.

வயசாக ஆகக் குரல் இறங்கும். ஐந்தரையில் பாடிய அம்மாவுக்கு அறுபது வயசில் நாலரை போதும் என்று ஆகலாம். நாலரைக்கு ஆறு படி இறக்க வேண்டும். இதைச் சொல்ல அம்மாக்கள் கூச்சப்படுவார்கள். "எனக்குத் தொண்டை சரியில்லை, நீங்க பாடுங்க" என்று ஒதுங்கிக் கொள்வார்கள். தொண்டையில் ஒன்றும் இல்லை; சுருதிதான் எட்டவில்லை. ஜாபிதாவில் அம்மா பாட்டுக்கு எதிரே "இறக்கம் 6" என்று ஒரு சின்னக் குறிப்பு இருந்தால், அடுத்த ஆண்டும் அம்மா பாடுவாள். மெமரி என்று பெயர் போட்ட பொத்தான்கள் இருக்கும் மாடல்களில் இந்த இறக்கத்தையும் காலத்தையும் பியானோவின் குரலையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு பொத்தானில் அடைத்துவிடலாம். அந்தப் பொத்தானுக்கு மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி "அம்மா" என்று எழுதிவிட்டால் தீர்ந்தது.

சாளரத்துக்கு இந்தப் பக்கம்

பத்மநாபபுரத்துச் சாளரத்தை ஞாபகம் வைத்திருக்கிறீர்களா? அதற்குப் பின்னால் இருந்து பெண்கள் பார்க்கலாம், கேட்கலாம். திருவனந்தபுரத்து மண்டபத்திலும் நிலைமை ரொம்ப மாறிவிடவில்லை. ஒன்பது இரவும் போற்றப்படுபவள் பெண் தெய்வம். பாடுகிறவர் மட்டும் ஆண். ஒரு வரிசை நன்றாக அமைந்துவிட்டால் அதில் இப்படி ஓர் ஆபத்தும் உண்டு. யாருக்கு இடம் உண்டோ அவர்களுக்கு என்றைக்கும் உண்டு, யாருக்கு இல்லையோ அவர்களுக்கு என்றைக்கும் இல்லை என்று ஆகிவிடும்.

பாறசாலை பொன்னம்மாள் 1924-ல் பிறந்தவர். பாறசாலை என்பது கன்னியாகுமரி மாவட்ட எல்லையை ஒட்டினாற்போல் இருக்கும் ஊர். களியக்காவிளையைத் தாண்டினால் வந்துவிடும். 1939-ல் திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் பெயரில் விளங்கும் சங்கீதப் பள்ளி தொடங்கியபோது, அதில் சேர்ந்த முதல் மாணவி இவர்தான். பிறகு அங்கேயே ஆசிரியை ஆனார். திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. இசைக் கல்லூரியின் முதல்வராகவும் இருந்தார். எத்தனையோ சிஷ்யர்களுக்குச் சுவாதித் திருநாள் கிருதிகளைச் சொல்லிக் கொடுத்தவர். ஆனால் மண்டபத்தில் உட்கார்ந்து அந்த ஒன்பதில் ஒன்றைப் பாட அவருக்கு இடம் இல்லை.

2006-ம் ஆண்டு நவராத்திரியில் அந்த வழக்கம் முறிந்தது. மண்டபத்தில் பாடிய முதல் பெண் என்ற பெருமை பொன்னம்மாளுக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது! பாட்டின் வரிசை ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை. பாடுகிறவர் பெயர்தான் மாறியது. 2017-ல் பத்மஸ்ரீ விருது வந்தது. 2021-ல் அவர் காலமானார்.

இந்தக் கதையைப் பியானோக் கட்டுரையில் ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்டால், காரணம் இருக்கிறது. வீட்டு ஜாபிதாவை எழுதுகிறவர் பெரும்பாலும் யார்? இயந்திரம் தெரிந்த பிள்ளை. அவன் தனக்குத் தெரிந்த பாட்டை வைப்பான். அவன்மேல் குற்றம் இல்லை. ஆச்சிக்குத் தெரிந்த நலங்குப் பாட்டு அவனுக்கு எப்படித் தெரியும்? ஆச்சியும் கேட்டால்தான் சொல்லுவாள். ஆகவே பொத்தானை அவன் அழுத்தட்டும்; பென்சில் ஆச்சியின் கையில் இருக்கட்டும்.

வில்லும் வேதக் கோவிலும்

நாஞ்சில் நாட்டில் பாட்டை வரிசைப்படுத்தும் கலைக்குக் குறைவே இல்லை. அம்மன் கோவில் கொடையில் வில்லுப்பாட்டுக் கேட்டிருப்பவர்களுக்குத் தெரியும். காப்பு, வருபொருள் உரைத்தல், குரு வணக்கம், அவையடக்கம், நாட்டு வளம், அப்புறம் கதை, கடைசியில் வாழி. வில்லும் குடமும் உடுக்கையும் தாளமும் கட்டையும் சேர்ந்து முழங்க, இரவு முழுவதும் போகும். காகிதம் கிடையாது, திரை கிடையாது. அகஸ்தீசுவரம் பக்கத்தைச் சேர்ந்த பூங்கனி அம்மாள் 2018-ல் மறைந்தார். சிறு வயதிலேயே வில்லின் முன் உட்கார்ந்து, வீசுகோலைக் கையில் பிடித்துத் தலைமை தாங்கிப் பாடியவர். அத்தனை கதையும் அத்தனை வரிசையும் மனப்பாடம்.

கிறிஸ்தவக் கோவில்களில் வேறு மாதிரி. லண்டன் மிஷன் காலத்திலிருந்து, அதாவது ரிங்கல்தௌபே 1806-ல் மயிலாடிக்கு வந்த நாளிலிருந்து, இந்த மாவட்டத்தில் சபைப் பாட்டு வளர்ந்திருக்கிறது. அங்கே பாட்டுக்கு எண்தான் பெயர். எண்ணைச் சொன்னால் சபை முழுவதும் புத்தகத்தைப் புரட்டிவிடும். கோவிலில் கீபோர்டு வாசிக்கும் பெண்களுக்கு ஒரு யோசனை: பாட்டை எண்ணால் மட்டும் பதிந்து வைக்காதீர்கள். புத்தகம் மாறினால் எண் மாறும். புதுப் பதிப்பு வந்தாலும் மாறலாம். எண்ணோடு பாட்டின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்குத் தனி அடுக்கு, கல்யாணப் பாட்டுக்குத் தனி அடுக்கு, துக்க வீட்டுப் பாட்டுக்கு நிச்சயமாகத் தனி அடுக்கு. இந்த மூன்றும் கலந்தால் என்ன விபரீதம் நேரும் என்று விளக்க வேண்டியதில்லை.

கொலுவுக்கு முன்னால்

சரி, வேலையை எப்போது தொடங்குவது? மகாளய அமாவாசைக்கு ஒரு வாரம் முன்னதாக. பொம்மைப் பெட்டியை இறக்குகிற அன்றே பரணிலிருந்து அந்த நோட்டையும் இறக்குங்கள். ஆச்சியையும் அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்து, ஒன்பது பாட்டைத் தேர்ந்தெடுங்கள். மண்டபத்து வரிசையே வேண்டும் என்பதில்லை. உங்கள் வீட்டு வரிசை உங்கள் வீட்டுக்கு. ஒரு சாதாரண வெள்ளைத் தாளில் நாள், பாட்டு, பாடுகிறவர், கட்டை, எத்தனை படி இறக்கம் என்று எழுதுங்கள். அதைப் பார்த்துப் பிள்ளை பியானோவில் ஏற்றட்டும். ஏற்றிய பிறகு ஒரு தடவை பியானோவை அணைத்து, மறுபடி போட்டுப் பாருங்கள். சில மாடல்களில் சேமிக்கும் பொத்தானை அழுத்தாமல் அணைத்தால் பதிந்ததெல்லாம் போய்விடும். அது இன்றைக்குத் தெரிந்தால் பரவாயில்லை. பத்துப் பேருக்கு முன்னால் தெரியக்கூடாது. எல்லாம் சரியாக இருந்தால், அந்த அடுக்கை இன்னொரு பென்டிரைவில் நகல் எடுத்து, நகைப் பெட்டியில் போட்டு வையுங்கள். அதற்குள் ஆச்சியின் குரல் இருக்கிறது அல்லவா?

வெள்ளைத் தாளைப் பியானோவின் மேலேயே ஒட்டிவிடுங்கள். மின்சாரம் போனாலும் வரிசை தெரியும்.

ஒன்றே ஒன்று பாக்கி. ஒன்பதாம் நாள் சரஸ்வதி பூஜை. புத்தகத்தோடு வாத்தியத்தையும் பூஜையில் வைக்கிற வீடுகளில் அன்றைக்கு வாசிக்கக் கூடாது. வீணைக்கு இருக்கிற சட்டம் பியானோவுக்கும் உண்டு. மின்சாரத்தில் ஓடுகிறது என்பதால் விதிவிலக்குக் கிடையாது. மேலே பட்டுத் துணியைப் போர்த்தி, சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று என்றால், விஜயதசமிக் காலை வரை தொடக் கூடாது. அப்படியானால் 09 என்ற எண்ணுக்கு என்ன போடுவது? காலியாக விடாதீர்கள், பின்னால் வரும் 10, இடம் தவறிப் போகும். பாட்டின் பெயரைத் தாளில் எழுதுங்கள். எதிரே "வாய்ப்பாட்டு, அம்மா" என்று எழுதுங்கள். பியானோவில் அந்த எண்ணுக்கு அம்மாவின் குரலையே முன்கூட்டிப் பதிந்து வைத்துவிடுங்கள். அன்று இரவு அம்மா நேரிலேயே பாடட்டும்.